எடிட்டர் செட்டிங்ஸும் ரெப்போவிலேயே இருக்கட்டும்: எதை கமிட் செய்வது, எதை விடுவது

கோத்தகிரியிலோ குன்னூரிலோ இருந்து சாஃப்ட்வேர் எழுதும் சின்ன டீம் எதை எடுத்துக்கொண்டாலும் ஆட்கள் ஒரே கூரைக்குக் கீழ் இருப்பதில்லை. ஒருத்தர் கூடலூரில், ஒருத்தர் கோயம்புத்தூரில், இன்னொருத்தர் கேத்தியில் வீட்டிலிருந்தே. ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை கூடலூர்க்காரரின் கரண்டைப் பறிக்கும், அது ஓய்ந்தது என்று மூச்சு விட்டால் அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு வந்து குன்னூர், கோத்தகிரியை ஒரு கை பார்க்கும். கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் போகும். இந்த நிலையில் புதிதாகச் சேர்ந்தவருக்கு ஸ்கிரீன் ஷேர் போட்டு, "செட்டிங்ஸ் போங்க, எடிட்டர் போங்க, அதுக்குள்ள கோட் ஸ்டைல், அங்க டேப் சைஸ் நாலுன்னு வைங்க" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுப்பது நடக்கிற காரியமா? பாதியில் கால் கட்டாகும். மறுநாள் "அண்ணா, என் மெஷின்ல மட்டும் டெஸ்ட் ஃபெயில் ஆகுது" என்று மெசேஜ் வரும்.

இதற்கு வழி, கோட் எப்படி கிட் (கோடின் மாற்றங்களைப் பதிவு செய்து பகிரும் கருவி) வழியாக வருகிறதோ அப்படியே செட்டிங்ஸும் வருவதுதான். ரெப்போவை, அதாவது கிட் காக்கும் ப்ராஜெக்ட் ஃபோல்டரை, குளோன் செய்து (முழு நகல் எடுத்து) திறந்தால் வேலைக்குத் தயாராக இருக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால் இதில் இரண்டு கட்சி இருக்கிறது. "எடிட்டர் ஃபோல்டரை மொத்தமாக இக்னோரில் (கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றின் பட்டியலில்) போடு" என்பது ஒன்று, "எல்லாவற்றையும் கமிட் பண்ணு (ரெப்போவில் பதிவு செய்), வரட்டும்" என்பது இன்னொன்று. என் கணக்கில் இரண்டுமே சோம்பேறித்தனம். ஃபைல் ஃபைலாகப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், அதற்குத்தான் இந்த வழிகாட்டி.

உதாரணத்துக்கு ஒரு ப்ராஜெக்ட்டை வைத்துக்கொள்வோம்: சிறு விவசாயிகள் கொண்டுவரும் பசுந்தேயிலையின் எடையைப் பதிவு செய்து மாதக் கடைசியில் கணக்கு காட்டுகிற ஆப். சர்வர் பக்கம் ஜாவாவும் அதை பில்ட் செய்யும் கிரேடிலும், வலைப்பக்கம் டைப்ஸ்கிரிப்ட். டீமில் பாதிப்பேருக்கு எடிட்டர் இன்டெலிஜே, பாதிப்பேருக்கு விஎஸ் கோட். ஃபைல் பெயர்களையும் கட்டளைகளையும் இங்கே ஒலிப்புப்படி எழுதியிருக்கிறேன், நீங்கள் டைப் செய்யும்போது வழக்கமான ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

## படி 1: முதலில் மூன்றாகப் பிரியுங்கள்

ஒரு செட்டிங் யாருக்குச் சொந்தம்? ப்ராஜெக்ட்டுக்கா, ஆளுக்கா, மெஷினுக்கா? பறித்த கொழுந்தைக் கொட்டி, ரெண்டு இலை ஒரு மொட்டு தனி, கரட்டு இலை தனி என்று ஒதுக்குகிற மாதிரி இதை ஒருமுறை உட்கார்ந்து பிரித்துவிட்டால் மீதி வேலை சுலபம்.

ப்ராஜெக்ட்டுக்குச் சொந்தமானதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும். இந்த செட்டிங்கை மாற்றினால் கமிட் ஆகிற கோட் மாறுமா, அல்லது பில்ட், டெஸ்ட் முடிவு மாறுமா? மாறும் என்றால் அது ரெப்போவுக்குள் வர வேண்டும். இண்டென்ட் அளவு, வரி முடிவு, எழுத்துக் குறியாக்கம், ஃபார்மேட்டர் எது, லின்ட் விதிகள் (கோடில் உள்ள தவறான பழக்கங்களைச் சுட்டுபவை), எந்த ஜாவா பதிப்பு, டெஸ்ட்டை எந்த ஆர்க்யுமென்ட்டோடு ஓட்டுவது, எல்லாம் இதில் வரும்.

ஆளுக்குச் சொந்தமானது தீம், ஃபான்ட், கீமேப், ஜன்னல்கள் எங்கே திறந்திருக்கின்றன, கடைசியாக எந்த ஃபைலில் கர்சர் நின்றது. இதில் யாருக்கும் சந்தேகம் வராது.

மூன்றாவதுதான் ஏமாற்றும். ஜேடிகே (ஜாவா எழுதத் தேவையான தொகுப்பு) எந்தப் பாதையில் இருக்கிறது, பைத்தான் எங்கே, லோக்கல் டேட்டாபேஸின் போர்ட் என்ன, பாஸ்வேர்டு என்ன. பார்ப்பதற்கு ப்ராஜெக்ட் செட்டிங் போலவே இருக்கும், ப்ராஜெக்ட்டின் ஃபைலுக்குள்தான் உட்கார்ந்திருக்கும், ஆனால் ஒரு மெஷினுக்கு மட்டும்தான் பொருந்தும். சி டிரைவ், யூசர்ஸ், அதற்குப் பிறகு ஒருத்தரின் பெயர் என்று தொடங்குகிற பாதை ஏதாவது டிஃப்பில் (என்ன மாறியது என்று காட்டும் பட்டியலில்) தெரிந்தால் உடனே நிறுத்திப் பாருங்கள்.

## படி 2: எடிட்டருக்கு வெளியே வைக்க முடிந்ததை வெளியே வையுங்கள்

பலர் நேராக எடிட்டர் ஃபோல்டருக்குப் போய்விடுகிறார்கள். போக வேண்டாம். ஒரு விதியை எடிட்டருக்குச் சம்பந்தமில்லாத ஃபைலில் வைக்க முடியுமானால் அங்கேதான் வைக்க வேண்டும், ஏனென்றால் பில்ட் சர்வருக்கு இன்டெலிஜேயும் தெரியாது, விஎஸ் கோடும் தெரியாது. டீமில் ஒருத்தர் நாளைக்கு விம் பக்கம் போனாலும் விதி மாறக்கூடாது.

முதலில் எடிட்டர்கான்ஃபிக். ரெப்போவின் மேல்மட்டத்தில் புள்ளியில் தொடங்கும் பெயரோடு ஒரே ஃபைல். முதல் வரியில் ரூட் என்பதற்கு ட்ரூ என்று கொடுங்கள், இல்லையென்றால் மேலே இருக்கும் ஃபோல்டர்களிலும் போய்த் தேடும். பிறகு எல்லா ஃபைலுக்குமாக ஒரு பகுதி: சார்செட் யுடிஎஃப்-8, வரி முடிவு எல்எஃப், இண்டென்ட் ஸ்பேஸ், ஃபைல் கடைசியில் ஒரு புதுவரி, வரிக் கடைசியில் தொங்கும் ஸ்பேஸ்களை நீக்கு. அப்புறம் விதிவிலக்குகள். மேக்ஃபைல் இருந்தால் அதற்கு டேப் கட்டாயம், ஸ்பேஸ் போட்டால் ஓடாது. மார்க்டவுனில் வரிக் கடைசியில் இரண்டு ஸ்பேஸ் இருந்தால் அதற்கு வரி முறிப்பு என்று அர்த்தம், அதனால் அங்கே நீக்கும் விதியை அணைத்துவிடுங்கள். இன்டெலிஜே இந்த ஃபைலைத் தானாகவே படிக்கும். விஎஸ் கோடுக்கு மட்டும் ஒரு எக்ஸ்டென்ஷன் வேண்டும், அதை எப்படி எல்லோருக்கும் பரிந்துரைப்பது என்பது படி 4-இல் வருகிறது.

அடுத்து கிட்ஆட்ரிப்யூட்ஸ், எந்த ஃபைலை எப்படிக் கையாள வேண்டும் என்று கிட்டுக்குச் சொல்லும் ஃபைல். விண்டோஸும் லினக்ஸும் கலந்த டீமில் வரி முடிவுச் சண்டை நிச்சயம்: விண்டோஸ் வரியை சிஆர்எல்எஃப் என்ற இரண்டு குறிகளால் முடிக்கும், லினக்ஸ் எல்எஃப் என்ற ஒரே குறியால். ஒவ்வொருத்தரும் தன் கிட்டில் ஆட்டோசிஆர்எல்எஃப் என்ன வைத்திருக்கிறார் என்று கேட்டுக்கொண்டிருக்காமல், நட்சத்திரக் குறிக்கு டெக்ஸ்ட் ஈக்வல் ஆட்டோ என்று ஒரு வரி போட்டுவிட்டால் ரெப்போவுக்குள் எல்லாம் எல்எஃப் ஆகவே சேரும். ஷெல் ஸ்கிரிப்ட்டுகளுக்கும், கிரேடிலை ஓட்டும் கிரேடில்டபிள்யூ ஃபைலுக்கும் இஓஎல் ஈக்வல் எல்எஃப், பேட் ஃபைல்களுக்கு இஓஎல் ஈக்வல் சிஆர்எல்எஃப் என்று தனியாகக் கொடுங்கள். கிரேடில்டபிள்யூ சிஆர்எல்எஃப்போடு லினக்ஸுக்குப் போனால், கண் முன்னால் இருக்கும் ஃபைலையே இல்லை என்று சொல்லும் எரர் வரும், காரணம் பிடிபடவே நேரமாகும். ஏற்கனவே இருக்கும் ரெப்போவில் இந்த ஃபைலைப் புதிதாகச் சேர்த்தால் கிட் ஆட் கட்டளையை ரீநார்மலைஸ் ஆப்ஷனோடு ஒருமுறை ஓட்டி, வருகிற மாற்றத்தைத் தனி கமிட்டாகப் போடுங்கள்.

கிரேடில்டபிள்யூ பற்றி இன்னும் இரண்டு விஷயம். விண்டோஸிலிருந்து அதை முதன்முதலில் கமிட் செய்தால் இயக்கும் அனுமதி இல்லாமல் போகும், லினக்ஸில் பெர்மிஷன் டினைட் என்று நிற்கும். கிட் அப்டேட்-இண்டெக்ஸ் கட்டளையில் சிஹெச்மோட் ஈக்வல் பிளஸ் எக்ஸ் கொடுத்தால் சரியாகிவிடும். இரண்டாவது, இக்னோர் பட்டியலில் ஜார் ஃபைல் எல்லாவற்றையும் தள்ளும் வரி இருந்தால் கிரேடில் ராப்பரின் (சரியான கிரேடில் பதிப்பை இறக்கி ஓட்டும் துணை நிரலின்) ஜாரும் சேர்ந்தே போய்விடும். அதற்கு ஆச்சரியக்குறியோடு ஒரு விலக்கு வரி எழுதுங்கள். ராப்பர் ரெப்போவில் இருந்தால்தான் எல்லோரிடமும் ஒரே கிரேடில் பதிப்பு ஓடும். ஜாவா பதிப்புக்கு பில்ட் ஃபைலிலேயே டூல்செயின் பகுதி இருக்கிறது, டைப்ஸ்கிரிப்ட் பக்கத்துக்கு வேண்டிய நோடின் பதிப்புக்கு என்விஎம்ஆர்சி ஃபைல் இருக்கிறது. இவற்றை எழுதிவிட்டால் "உங்ககிட்ட எந்த ஜாவா?" என்ற கேள்வி பெரும்பாலும் எழாது.

### தமிழ்ப் பெயர்கள் சிதையும் இடம்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், நம் ஊர் ஆப்புகளில் இது கட்டாயம் வரும். எடைப் பதிவு ஆப்பில் விவசாயிகளின் பெயர் தமிழில் இருக்கும், ஊர் பெயரும் தமிழில்தான், அதனால் டெஸ்ட் கோடுக்குள்ளும் தமிழ் எழுத்து வரும். இன்டெலிஜேயில் குறியாக்கத்தை யுடிஎஃப்-8 என்று வைத்திருப்பவர் உள்ளிருந்தே ரன் செய்கிறார், எல்லாம் பச்சை. இன்னொருத்தர் விண்டோஸ் கமாண்ட் பிராம்ப்ட்டில் கிரேடிலை ஓட்டுகிறார், அவரிடம் ஜாவா 17. பெயர்களெல்லாம் பொருளில்லாத குறிகளாக மாறி டெஸ்ட் விழுகிறது.

காரணம் இதுதான். 2022-இல் வந்த ஜேடிகே 18 முதல்தான் ஜாவாவின் இயல்பான குறியாக்கம் எல்லா மெஷினிலும் யுடிஎஃப்-8. அதற்கு முந்தைய பதிப்புகள் மெஷினின் லோகேலை (மொழி, நாடு அமைப்பை) பார்த்து முடிவு செய்யும், விண்டோஸில் அது பெரும்பாலும் யுடிஎஃப்-8 ஆக இருக்காது. கம்பைலரும் சோர்ஸ் ஃபைலை அந்தக் குறியாக்கத்தில்தான் படிக்கும். இன்டெலிஜேயின் என்கோடிங்ஸ்.எக்ஸ்எம்எல் ஃபைலை கமிட் செய்தால் இன்டெலிஜேக்காரர்களுக்குத் தீரும், கமாண்ட் பிராம்ப்ட்டுக்குத் தீராது. அதனால் கிரேடிலின் பில்ட் ஃபைலில் ஜாவா கம்பைல் டாஸ்க்குகளுக்கு என்கோடிங் யுடிஎஃப்-8 என்று எழுதுங்கள், டெஸ்ட்டை ஓட்டும் ஜேவிஎம்முக்கும் ஃபைல்.என்கோடிங் கொடுங்கள். இதைச் செய்தபிறகு எடிட்டர் பக்கத்து செட்டிங் வெறும் துணைக்குத்தான்.

ஃபார்மேட்டிங்கும் இதே கதை. இன்டெலிஜேயின் ஃபார்மேட்டரும் விஎஸ் கோடின் ஜாவா ஃபார்மேட்டரும் ஒரே முடிவைத் தராது, எவ்வளவு முயன்றாலும் ஏதோ ஒரு லாம்டாவில் சண்டை வரும். இரண்டு எடிட்டர் உள்ள டீம் என்றால் கிரேடிலில் ஸ்பாட்லெஸ், டைப்ஸ்கிரிப்ட்டுக்கு பிரெட்டியர் என்று வெளியே ஒரு தீர்ப்பாளரை வைத்துவிடுவதே நிம்மதி. எடிட்டர் என்ன செய்தாலும் கடைசியில் அது சொல்வதுதான் முடிவு.

## படி 3: இன்டெலிஜேயின் ஐடியா ஃபோல்டர்

புள்ளி ஐடியா ஃபோல்டரைத் திறந்தால் எக்ஸ்எம்எல் ஃபைல்கள் வரிசையாக இருக்கும். முக்கியமாக விலக்க வேண்டியது ஒர்க்ஸ்பேஸ்.எக்ஸ்எம்எல். திறந்திருக்கும் டேப், சமீபத்தில் ஓட்டியவை, இன்னும் என்னென்னவோ, எல்லாம் உங்கள் சொந்த நிலை. சும்மா திறந்து மூடினாலே மாறும். இதை கமிட் செய்திருந்தால் தினமும் மெர்ஜ் கான்ஃப்ளிக்ட், அதாவது இருவரின் மாற்றங்கள் மோதும். ஷெல்ஃப் ஃபோல்டர், டாஸ்க்ஸ்.எக்ஸ்எம்எல், யூசேஜ்.ஸ்டாட்டிஸ்டிக்ஸ்.எக்ஸ்எம்எல், டேட்டாசோர்ஸஸ்.லோக்கல்.எக்ஸ்எம்எல் இவையும் வெளியே. புதிய பதிப்புகள் ப்ராஜெக்ட்டை உருவாக்கும்போதே ஐடியா ஃபோல்டருக்குள் ஒரு கிட்இக்னோரை வைத்து, ஒர்க்ஸ்பேஸ், ஷெல்ஃப் போன்றவற்றைத் தாமே விலக்கிவிடுகின்றன. அந்த ஃபைலை அழிக்காமல் அதையும் கமிட் செய்யுங்கள்.

கிரேடில் அல்லது மேவன் ப்ராஜெக்ட் என்றால் ஐஎம்எல் ஃபைல்களும் மாட்யூல்ஸ்.எக்ஸ்எம்எல்லும் வேண்டாம். பில்ட் ஃபைலைப் படித்து இன்டெலிஜே தானே உருவாக்கிக்கொள்ளும். கமிட் செய்தால் ஒவ்வொருத்தர் இம்போர்ட் செய்யும்போதும் வரிசை மாறி வீண் டிஃப் வரும்.

இனி கமிட் செய்ய வேண்டியவை.

கோட் ஸ்டைல். செட்டிங்ஸில் எடிட்டர், கோட் ஸ்டைல் போய் ஸ்கீம் என்ற இடத்தில் ப்ராஜெக்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: ஸ்கீம் டிஃபால்ட்டில் இருக்கும்போது எவ்வளவு மாற்றினாலும் அது உங்கள் மெஷினோடு சரி, ரெப்போவுக்குள் ஒன்றும் எழுதப்படாது. ப்ராஜெக்ட் என்று மாற்றியதும் கோட்ஸ்டைல்ஸ் என்ற துணை ஃபோல்டர் தோன்றும், அதற்குள் இருக்கும் இரண்டு ஃபைலையும் சேருங்கள். ஒன்றில் விதிகள், இன்னொன்றில் "ப்ராஜெக்ட்டின் விதியைப் பயன்படுத்து" என்ற குறிப்பு. இரண்டாவதை விட்டுவிட்டால் முதலாவது சும்மா கிடக்கும்.

இன்ஸ்பெக்‌ஷன் ப்ரொஃபைலும் அதேபோல, ப்ராஜெக்ட் டிஃபால்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் இன்ஸ்பெக்‌ஷன்ப்ரொஃபைல்ஸ் ஃபோல்டரில் வந்து உட்காரும். இதில் கொஞ்சம் கைச்சுருக்கம் தேவை. எல்லா எச்சரிக்கையையும் எரராக ஏற்றிவைத்தால் ஃபைல் முழுக்க சிவப்பாகி, யாரும் எதையும் கவனிக்க மாட்டார்கள்.

ரன் கான்ஃபிகரேஷன், அதாவது எதை எப்படி ஓட்டுவது என்ற பதிவு. இதுதான் புதியவருக்குப் பெரிய உதவி. சாதாரணமாக உருவாக்கினால் ஒர்க்ஸ்பேஸ் ஃபைலுக்குள் போய்விடும், அதனால் பகிரப்படாது. கான்ஃபிகரேஷன் ஜன்னலில் ஸ்டோர் ஆஸ் ப்ராஜெக்ட் ஃபைல் என்ற பெட்டியை டிக் செய்யுங்கள். ஐடியாவுக்குள் ரன்கான்ஃபிகரேஷன்ஸ் ஃபோல்டரிலோ, மேல்மட்டத்தில் புள்ளி ரன் என்ற ஃபோல்டரிலோ வைக்கலாம். நான் இரண்டாவதைச் சொல்வேன், வெளியே தெரியும்படி இருந்தால் ரிவ்யூவில் கண்ணில் படும். எல்லாருடைய சோதனைக் கான்ஃபிகரேஷனையும் போட்டு ரொப்பாதீர்கள், சர்வரை ஓட்டுவது, எல்லா டெஸ்ட்டையும் ஓட்டுவது, மாதிரித் தரவை ஏற்றுவது என்று நாலைந்து இருந்தால் போதும்.

வெளி ப்ளகின் ஏதாவது இல்லாமல் வேலை நடக்காது என்றால் செட்டிங்ஸில் ரிக்வயர்டு ப்ளகின்ஸ் என்ற பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். எக்ஸ்டர்னல்டிபெண்டன்சீஸ்.எக்ஸ்எம்எல் உருவாகும், மற்றவர் திறக்கும்போது இல்லாத ப்ளகினை நிறுவச் சொல்லிக் கேட்கும். விசிஎஸ்.எக்ஸ்எம்எல், என்கோடிங்ஸ்.எக்ஸ்எம்எல் இரண்டும் தொந்தரவில்லாதவை, போடலாம்.

மிஸ்க்.எக்ஸ்எம்எல்தான் இரண்டும் கெட்டான். ப்ராஜெக்ட்டுக்கு எந்த ஜேடிகே என்பதை அது பாதையாக எழுதாமல் பெயராக எழுதிவைக்கிறது. ஒருத்தர் தன் மெஷினில் அந்த ஜேடிகேக்கு வெறும் 17 என்று பெயர் வைத்திருப்பார், இன்னொருத்தர் நிறுவனத்தின் பெயரையும் சேர்த்து வைத்திருப்பார். இரண்டு பேரும் மாறி மாறி கமிட் செய்து அந்த ஒரு வரி ஊஞ்சல் ஆடும். பெயர் என்ன என்று டீமில் பேசி முடிவெடுத்து, அதை ரீட்மீயில் ஒரு வரியாக எழுதிவிட்டு கமிட் செய்யுங்கள். பேசி முடிவெடுக்க நேரமில்லை என்றால் விலக்கிவிடுங்கள், டூல்செயின் இருப்பதால் பில்ட் பாதிக்காது.

பாதை எழுத வேண்டிய இடங்களில் நேரடிப் பாதை வேண்டாம். ப்ராஜெக்ட் டிர் என்ற மேக்ரோ இருக்கிறது, டாலர் குறிகளுக்கு நடுவே எழுதுவது. இன்டெலிஜே பெரும்பாலும் தானே அப்படித்தான் எழுதும். ரெப்போவுக்கு வெளியே இருக்கும் ஃபைலை நீங்கள் சுட்டினால்தான் பாதை நீண்டு, யாருடைய ஹோம் ஃபோல்டராவது உள்ளே வரும்.

## படி 4: விஎஸ் கோட்

இங்கே ஃபைல்கள் குறைவு: புள்ளி விஎஸ்கோட் ஃபோல்டருக்குள் செட்டிங்ஸ், எக்ஸ்டென்ஷன்ஸ், லாஞ்ச், டாஸ்க்ஸ் என்று நாலு ஜேசன் ஃபைல். நாலையும் கமிட் செய்யலாம், உள்ளே என்ன இருக்கிறது என்பதில்தான் கவனம்.

செட்டிங்ஸ்.ஜேசனில் குறைவாக எழுதுங்கள். காரணம் இருக்கிறது. ஒர்க்ஸ்பேஸ் செட்டிங் பொதுவாக ஆளின் சொந்த செட்டிங்கை மீறும். அதற்கு மேலே ஏறி "எனக்கு மட்டும் வேறு" என்று சொல்ல லோக்கல் ஃபைல் எதையும் விஎஸ் கோட் தரவில்லை. நீங்கள் ஆர்வத்தில் ஃபான்ட் அளவு 12 என்று அதில் போட்டுவிட்டால், கண்ணாடி போட்டு 18-இல் படிக்கிற அக்காவுக்கும் 12தான். ஃபார்மேட் ஆன் சேவ், ஒவ்வொரு மொழிக்கும் எந்த ஃபார்மேட்டர், டைப்ஸ்கிரிப்ட் எடிட்டரின் உள்பதிப்பா ப்ராஜெக்ட்டின் பதிப்பா, தேடலில் எந்த ஃபோல்டரை விலக்குவது: இவ்வளவு போதும். ஃபார்மேட்டரை மொழிவாரியாக, சதுர அடைப்புக்குள் மொழிப் பெயர் கொடுத்து எழுதுங்கள், பொதுவாக எழுதினால் அந்த ஃபார்மேட்டருக்குத் தெரியாத ஃபைல்களில் தடுமாறும்.

ஸ்பெல் செக்கர் எக்ஸ்டென்ஷன் பயன்படுத்துகிறவர்கள் ப்ராஜெக்ட்டின் சொற்களை சிஸ்பெல் வேர்ட்ஸ் பட்டியலில் சேர்த்து கமிட் செய்துவிடுங்கள். கோத்தகிரி, கொழுந்து, எடைச்சீட்டு என்றெல்லாம் ஆங்கில எழுத்தில் வேரியபிள் பெயர் வைத்திருப்போம், ஒவ்வொருத்தர் திரையிலும் அலை அலையாக அடிக்கோடு ஓடினால் உண்மையான பிழை அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

எக்ஸ்டென்ஷன்ஸ்.ஜேசனில் ரெக்கமெண்டேஷன்ஸ் பட்டியல் இருக்கிறது. வெளியிட்டவர் பெயர், புள்ளி, எக்ஸ்டென்ஷன் பெயர் என்ற அமைப்பில் எழுத வேண்டும். புதியவர் ஃபோல்டரைத் திறந்ததும் நிறுவலாமா என்று கேட்கும். எடிட்டர்கான்ஃபிக், பிரெட்டியர், லின்ட் எக்ஸ்டென்ஷன், ஜாவா தொகுப்பு அவ்வளவுதான். ஐகான் தீம், வானவில் அடைப்புக்குறி எல்லாம் உங்கள் ஆசை, அதை நேரில் பார்க்கும்போது பரிந்துரைத்துக்கொள்ளுங்கள். வேண்டவே வேண்டாம் என்பதற்கு அன்வான்டட் ரெக்கமெண்டேஷன்ஸ் என்று இன்னொரு பட்டியல் உண்டு, ஒரே மொழிக்கு இரண்டு ஃபார்மேட்டர் மோதும்போது கைகொடுக்கும்.

லாஞ்ச், டாஸ்க்ஸ் இரண்டிலும் பாதைக்கு ஒர்க்ஸ்பேஸ்ஃபோல்டர் மாறியையும், மெஷினுக்கு மெஷின் மாறுவதற்கு என்வ் மாறியையும் பயன்படுத்துங்கள். ஓட்டும்போது கேட்டு வாங்க வேண்டிய விவரத்துக்கு இன்புட் மாறி இருக்கிறது. ஃபோல்டரைத் திறந்ததும் தானே ஓடுகிற டாஸ்க் எழுத முடியும், ஆனால் எழுதாதீர்கள். ஒருத்தர் ரெப்போவைத் திறந்தாலே அவர் மெஷினில் ஏதோ ஓடும் என்பது நல்ல பழக்கமில்லை. ஒர்க்ஸ்பேஸ் ட்ரஸ்ட் என்று 2021-இல் வந்த வசதி, இந்த ஃபோல்டரை நம்புகிறீர்களா என்று கேட்பது இதற்காகத்தான். நம்பவில்லை என்றால் டாஸ்க்கும் டீபக்கும் ஓடாது. புதியவர் பதற்றத்தில் நம்பவில்லை என்று அழுத்திவிட்டு "ஒண்ணுமே ஓடலை" என்று வருவார், ரீட்மீயில் ஒரு வரி எழுதிவையுங்கள்.

### இக்னோர் பட்டியலில் ஒரு பொறி

விஎஸ்கோட் ஃபோல்டரில் நாலு ஃபைலை மட்டும் எடுத்து மற்றதைத் தள்ள வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். புள்ளி விஎஸ்கோட், சாய்கோடு என்று ஃபோல்டரையே இக்னோரில் போட்டுவிட்டு, அடுத்த வரியில் ஆச்சரியக்குறியோடு செட்டிங்ஸ்.ஜேசன் என்று விலக்கு கொடுத்தால் வேலை செய்யாது. தாய் ஃபோல்டர் விலக்கப்பட்டுவிட்டால் கிட் அதற்குள் எட்டிக்கூடப் பார்க்காது. சாய்கோடுக்குப் பிறகு ஒரு நட்சத்திரம் வேண்டும்: ஃபோல்டரை விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் விலக்கு என்று அர்த்தம். அப்புறம் விலக்கு வரிகள் பலிக்கும். எந்த வரி எந்த ஃபைலைத் தடுக்கிறது என்று புரியவில்லையா, கிட் செக்-இக்னோர் கட்டளையை வி ஆப்ஷனோடு ஓட்டினால் ஃபைல் பெயரும் வரி எண்ணும் சொல்லிவிடும்.

உங்கள் சொந்தக் குப்பையை, அதாவது மேக் உருவாக்கும் டிஎஸ்ஸ்டோர், உங்கள் தனிப்பட்ட குறிப்பு ஃபைல் இதையெல்லாம், ரெப்போவின் இக்னோரில் சேர்க்க வேண்டியதில்லை. கிட்டில் எக்ஸ்க்ளூட்ஸ்ஃபைல் என்று எல்லா ரெப்போவுக்கும் பொதுவான பட்டியல் வைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு ரெப்போவுக்கு மட்டும் என்றால் கிட் ஃபோல்டருக்குள் இன்ஃபோ, அதற்குள் எக்ஸ்க்ளூட் என்ற ஃபைல்.

## படி 5: ரகசியங்கள்

டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, எஸ்எம்எஸ் அனுப்பும் சேவையின் கீ இவை செட்டிங்ஸ் ஃபைலுக்குள் நுழைய இரண்டு வழி உண்டு. ஒன்று லாஞ்ச்.ஜேசனின் என்வ் பகுதி, இன்னொன்று இன்டெலிஜே ரன் கான்ஃபிகரேஷனின் என்விரான்மென்ட் வேரியபிள் பெட்டி. இரண்டுமே வெறும் எழுத்தாக ஃபைலில் எழுதப்படும். ப்ராஜெக்ட் ஃபைலாகச் சேமி என்று டிக் செய்த கணத்தில் அது ரெப்போவுக்குப் போகத் தயார். அதனால் மதிப்புகளை புள்ளி என்வ் ஃபைலில் வைத்து அதை இக்னோர் செய்து, பெயர்கள் மட்டும் இருக்கும் மாதிரி ஃபைல் ஒன்றை என்வ் எக்ஸாம்பிள் என்று கமிட் செய்வது வழக்கம்.

தவறிப் புஷ் ஆகி பொது ரெப்போவுக்குப் போய்விட்டால் அடுத்த கமிட்டில் அழிப்பது போதாது, வரலாற்றில் இருக்கும். முதல் வேலை அந்தக் கீயை ரத்து செய்து புதிது வாங்குவது. வரலாற்றைத் துடைக்க கிட் ஃபில்டர்-ரெப்போ இருக்கிறது, அது அப்புறம், நிதானமாக. யாராவது அதற்குள் குளோன் செய்திருந்தால் துடைத்து என்ன பயன்?

## படி 6: ஏற்கனவே குழம்பிய ரெப்போவை நேராக்குவது

இக்னோரில் ஒரு ஃபைலைச் சேர்த்தால் கிட் ஏற்கனவே கவனிக்கும் ஃபைலுக்கு அது ஒன்றும் செய்யாது. கிட் ஆர்எம் கட்டளையை கேஷ்டு ஆப்ஷனோடு ஓட்ட வேண்டும். உங்கள் மெஷினில் ஃபைல் அப்படியே இருக்கும், கிட்டின் பட்டியலிலிருந்து மட்டும் நீங்கும்.

ஆனால் உங்கள் மெஷினில்தான். அந்த கமிட்டை மற்றவர் புல் செய்யும்போது (இறக்கிக்கொள்ளும்போது) அவர்களிடம் ஃபைலே அழியும், ஏனென்றால் அவர்கள் கிட்டுக்கு அது ஒரு டெலீட். ஒர்க்ஸ்பேஸ்.எக்ஸ்எம்எல் என்றால் அவர்கள் சேர்த்துவைத்த ரன் கான்ஃபிகரேஷன்கள் போச்சு. அல்லது லோக்கல் மாற்றம் இருக்கிறது என்று புல் நின்றுவிடும். அதனால் குரூப்பில் முன்கூட்டியே சொல்லி, இன்டெலிஜேயை மூடி, அந்த ஃபைலை வேறு இடத்தில் நகல் எடுத்துவைத்துவிட்டு, மாற்றம் இருந்தால் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து புல் செய்து, பிறகு நகலைத் திரும்ப வைக்கச் சொல்லுங்கள்.

ஸ்கிப்-ஒர்க்ட்ரீ என்று கிட்டில் ஒரு வழி இருக்கிறது, கமிட் ஆன ஃபைலை உங்கள் மெஷினில் மட்டும் மாற்றிக்கொண்டு கிட்டின் கண்ணில் படாமல் வைப்பது. பலர் இதைப் பரிந்துரைப்பார்கள். எனக்குப் பிடிக்காது. சில மாதம் கழித்து அந்த ஃபைலில் மேலிருந்து மாற்றம் வரும்போது புல் முரண்டு பிடிக்கும், நீங்கள் மறைத்துவைத்ததே உங்களுக்கு நினைவிருக்காது.

ஃபார்மேட்டரை முதன்முதலாக எல்லா ஃபைலிலும் ஓட்டுவது தனி கமிட்டாக, வேறு எந்த மாற்றமும் கலக்காமல் இருக்க வேண்டும். திறந்திருக்கும் பிராஞ்சுகளெல்லாம் மெர்ஜ் ஆனபிறகு செய்யுங்கள். அந்த கமிட்டின் ஹாஷை (அடையாளக் குறியை) கிட் பிளேம் இக்னோர் ரெவ்ஸ் என்று பெயரிட்ட ஃபைலில் எழுதி ரெப்போவில் வைத்தால், பிளேம் பார்க்கும்போது எல்லா வரிக்கும் ஃபார்மேட் செய்தவர் பெயரே வராமல் உண்மையில் எழுதியவர் பெயர் வரும். 2019-இல் வந்த கிட் 2.23 முதல் இந்த வசதி இருக்கிறது. கிட்ஹப் தானே அந்த ஃபைலைப் பார்த்துக்கொள்ளும். லோக்கல் கிட்டில் மட்டும் பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல் என்பதை ஒவ்வொருத்தரும் கான்ஃபிக் செய்ய வேண்டும், கிட் கான்ஃபிக் ரெப்போ வழியாகப் பகிரப்படாது. மொத்தமாக ஃபார்மேட் செய்யத் தயக்கமாக இருந்தால் ஸ்பாட்லெஸில் ராட்செட்ஃப்ரம் கொடுங்கள், மாறிய ஃபைல்களை மட்டும் சரிபார்க்கும்.

## படி 7: சரிபார்ப்பது

உங்கள் பழைய ஃபோல்டரில் சரிபார்க்காதீர்கள், அதில் எல்லாம் ஏற்கனவே இருக்கிறது. வேறொரு இடத்தில் புதிதாகக் குளோன் செய்து திறங்கள். முடிந்தால் மெஷினில் வேறொரு யூசர் கணக்கில், அப்போதுதான் உங்கள் சொந்த செட்டிங் எதுவும் உதவிக்கு வராது. திறந்து, ரன் கான்ஃபிகரேஷன்கள் தெரிகின்றனவா, டெஸ்ட் ஓடுகிறதா, ஒரு ஃபைலில் இண்டென்டைக் கலைத்து சேவ் செய்தால் சரியாகிறதா என்று பாருங்கள். கடைசியாக ஒன்றும் எழுதாமல் எடிட்டரை மூடிவிட்டு கிட் ஸ்டேட்டஸ் ஓட்டுங்கள். சுத்தமாக இருக்க வேண்டும். ஏதாவது ஃபைல் மாறியதாகக் காட்டினால், சும்மா திறந்ததற்கே மாறும் ஃபைல் ஒன்று இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சோதனையை விண்டோஸில் ஒருமுறை, லினக்ஸிலோ மேக்கிலோ ஒருமுறை.

## படி 8: நெட் இல்லாத நாளுக்கு

குளோன் செய்தால் தயார் என்று சொல்கிறோம், குளோன் செய்யவே நெட் வேண்டுமே. மழைக்காலத்தில் சேர்கிறவருக்கு பென் டிரைவ்தான் வழி. கிட் பண்டில் கிரியேட் என்று கொடுத்து, ஒரு ஃபைல் பெயரும் ஆல் ஆப்ஷனும் சேர்த்தால் முழு ரெப்போவும் வரலாற்றோடு ஒரே ஃபைலாகிவிடும். அதிலிருந்து நேரடியாகக் குளோன் செய்யலாம், பிறகு ரிமோட் செட்-யூஆர்எல் கொண்டு உண்மையான முகவரியை மாற்றிக்கொண்டால் நெட் வந்ததும் பழையபடி புல், புஷ்.

டிபெண்டன்சிகள் இன்னொரு தலைவலி. கிரேடிலின் ஹோம் ஃபோல்டரில் கேஷஸுக்குள் இருக்கும் மாட்யூல்ஸ்-2 ஃபோல்டரை அதே பென் டிரைவில் எடுத்துக்கொடுக்கலாம், லாக் ஃபைலையும் ஜிசி ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலையும் மட்டும் விட்டுவிடுங்கள். ராப்பர் இறக்குகிற கிரேடிலும் அங்கே ராப்பர் ஃபோல்டரில் டிஸ்ட்ஸ் என்பதற்குள் இருக்கும், அதையும் எடுங்கள். பிறகு ஆஃப்லைன் ஆப்ஷனோடு பில்ட் செய்யலாம்.

டெவ் கன்டெய்னர் பற்றிக் கேட்பீர்கள். ரெப்போவிலேயே ஒரு ஜேசன் ஃபைல் வைத்து முழுச் சூழலையும் டாக்கருக்குள் (நிரல்களைத் தனி உறைக்குள் ஓட்டும் கருவி) கட்டிவிடலாம், ஜேடிகே பெயர்ச் சண்டைகூட இருக்காது. நல்ல விஷயம்தான், ஆனால் இமேஜ் இறங்க நல்ல நெட் வேண்டும், லேப்டாப்பில் மெமரி வேண்டும். கோயம்புத்தூர்க்காரருக்கு இது சுகம், கூடலூர்க்காரருக்குத் தண்டனை. விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டும் என்று வையுங்கள், படி 2-இல் செய்தவை இருந்தால் கன்டெய்னர் இல்லாமலும் வேலை நடக்கும்.

## அப்புறம் பராமரிப்பு

செட்டிங்ஸ் ஃபைலில் வரும் மாற்றத்தை வேறு கோடோடு கலந்து அனுப்ப வேண்டாம், தனி கமிட், ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி. எடைக் கணக்கு பிழைத்திருத்தத்துக்கு நடுவே கோட்ஸ்டைல்ஸ் ஃபைலும் மாறியிருந்தால் ரிவ்யூ செய்பவர் திருப்பி அனுப்பட்டும். ஐடியா, விஎஸ்கோட் ஃபோல்டர்களுக்கும் எடிட்டர்கான்ஃபிக்குக்கும் கோட்ஓனர்ஸ் ஃபைலில் ஒருத்தரைப் பொறுப்பாளராகப் போட்டுவிட்டால் அந்த ஃபைல்களைத் தொடும் ஒவ்வொரு புல் ரெக்வஸ்ட்டுக்கும் அவரிடம் ரிவ்யூ கேட்டுத் தானாகவே போகும். எடிட்டரின் பெரிய பதிப்பு மாறும்போது அவர் முதலில் ஏற்றி, எந்த எக்ஸ்எம்எல் புதிதாக முளைத்திருக்கிறது, எதில் வரி கூடியிருக்கிறது என்று பார்த்து, வேண்டியதை கமிட்டிலும் வேண்டாததை இக்னோரிலும் சேர்த்துவிட்டு, அதன்பிறகு மற்றவர்களை ஏற்றச் சொல்லலாம்.